முன்பள்ளியில் சுதந்திர தினம்: மலையக ஆசிரியைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஜனவரியில் வந்து சேர்ந்த புதுப் பிள்ளைகளின் அழுகை ஓய்வதற்குள் பெப்ரவரி 4 வந்துவிடுகிறது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்து முன்பள்ளிகளிலும், தோட்டங்களில் இன்னும் பலர் பிள்ளைக்காம்பரா என்றே சொல்லும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களிலும் வருடா வருடம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் எழுகின்றன. மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. இந்த நாள் விருந்தினருக்கோ புகைப்படத்துக்கோ உரியதல்ல, பிள்ளைக்கு உரியது என்பதே என் நிலைப்பாடு. எல்லாப் பதிலும் அதிலிருந்துதான் வருகிறது.

நான்காம் திகதி அரச விடுமுறையாயிற்றே, எப்போது கொண்டாடுவது?

அதற்கு முந்திய வேலைநாளில். நான்காம் திகதி திங்கட்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமையே வைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளைக்கு அதற்கு மேல் ஒரே இடத்தில் இருப்பது தண்டனை.

நேரத்தைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். தோட்டத்தில் தாய்மார் காலையிலேயே பிள்ளையை விட்டுவிட்டு, அன்றைய வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மலை ஏறிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு விழா வைத்தால் அம்மா இல்லாத விழாதான் நடக்கும். பகல் கொழுந்து நிறுக்க அவர்கள் இறங்கி வரும் நேரத்தை ஒட்டி வையுங்கள். யாருடைய பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், வெட்டுப்படாதபடி கால் மணி நேரம் தரமுடியுமா என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் வந்து நிற்கும் தாயைக் கண்டதும் பிள்ளை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். ஓடட்டும். பாட்டை மற்றவர்கள் முடிப்பார்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குச் சுதந்திரம் என்பதை எப்படிச் சொல்லுவது?

வருடக்கணக்கால் பயனில்லை. அந்த வயதில் 1948-உம் போன கிழமையும் ஒன்றுதான். பல ஆசிரியைகள் "இது நம் நாட்டின் பிறந்த நாள்" என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேக் எங்கே, நாட்டுக்கு அம்மா யார் என்று பிள்ளை கேட்கும், கேட்பதும் நியாயம்தான். அதைவிட, நாடு அன்று பிறக்கவில்லை. அதற்கு முன்னும் மகாவலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம் முன்னோர் காடு வெட்டி முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் என்று நடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பிள்ளை நன்றாக அறிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். தன் விஷயத்தை வேறொருவர் முடிவு செய்வது எப்படி இருக்கும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எந்தச் சட்டை போடுவது, எப்போது படுப்பது என்று தினமும் அதற்காகத்தானே வீட்டில் சண்டை! ஆகவே இப்படிச் சொல்லலாம்: "ரொம்பக் காலத்துக்கு முன்னால, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நாட்டுக்காரங்க, நம்ம நாட்டுல என்ன நடக்கணும்னு அவங்களே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இங்க இருக்கிறவங்க, எங்க நாட்டை நாங்களே பார்த்துக்கிறோம்னு கேட்டாங்க. ஒரு நாள் அது கிடைச்சுது. அந்த நாள் நாளைக்கு வருது." இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். வெள்ளைக்காரர் கொடியவர் என்ற கதையைச் சேர்க்காதீர்கள். எல்ல, நானுஓயா ரயில் நிலையங்களில் சுற்றுலாப் பயணிகளைப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிறார்கள். அவர்களைக் கண்டு பயப்பட நாம் கற்றுக்கொடுக்கக் கூடாது.

சொல்லி முடித்த கையோடு செய்து காட்டுங்கள். இரண்டு கூடைகளை வையுங்கள். ஒன்றில் பந்தின் படத்தையும் மற்றதில் தப்பு மேளத்தின் படத்தையும் ஒட்டுங்கள். இன்று முதலில் விளையாட்டா பாட்டா என்பதைப் பிள்ளைகள்தான் தீர்மானிக்கப் போகிறார்கள். ஆளுக்கு ஓர் இலை. பிடித்த கூடையில் அதைப் போடவேண்டும். தேயிலை மலையில் மருந்து தெளித்திருப்பார்கள், அங்கே இலை பறிக்கவேண்டாம். முற்றத்துக் கொய்யா இலை போதும். விதைகளும் சிறு கற்களும் வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும், தவிர்த்துவிடுங்கள்.

இந்த விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளை இலையைப் போட்டுவிட்டு, தோழி மற்றக் கூடைப்பக்கம் போவதைப் பார்த்ததும் கையை விட்டுத் தன் இலையைத் தேடி எடுக்கும். எண்ணத் தொடங்கும் வரை அதற்கு அனுமதி உண்டு. இன்னொன்று இரண்டு கூடைக்கும் நடுவில் நின்று இலையைக் கசக்கிக்கொண்டே இருக்கும். அவசரப்படுத்தவேண்டாம். எல்லோரும் போட்ட பிறகு இலைகளைப் பாயில் வரிசையாக வைத்துச் சத்தமாக எண்ணுங்கள். எந்தக் கூடை வென்றதோ அதையே செய்யுங்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது: எண்ணி முடித்த பிறகு "சரி சரி, டீச்சர் சொல்றத முதல்ல செய்வோம்" என்று மாற்றினால், பெரியவர்கள் கேட்பது சும்மா ஒப்புக்குத்தான் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

"எங்களுக்கென்ன சுதந்திரம்? அந்த வருசந்தான எங்க உரிமையப் பறிச்சாங்க" என்கிறார் என் மாமனார். அவரிடம் என்ன சொல்வது?

அவர் சொல்வது உண்மை. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள், நுவரெலியாவில் எஸ். தொண்டமான் வென்றார். 1948 பெப்ரவரி 4 சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 நடைமுறைக்கு வந்தபோது நம்மவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட வெல்லவில்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே 1964 ஒக்டோபர் 30 கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இங்கே என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களை வழியனுப்பியவர்கள் நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இன்றும் இருக்கிறார்கள். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இல் ஒரு சட்டமும், பிறகு 2003இல் இன்னொன்றும் வேண்டியிருந்தன.

எனவே உங்கள் மாமனாரிடம் வாதாட ஒன்றுமில்லை. அவரை அடக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கதையை நான்கு வயதுப் பிள்ளையின் தலையில் அன்றே இறக்கிவைக்கவும் வேண்டாம். "இந்த நாடு நம்மளுடையதில்லை" என்ற ஒரு வரி மட்டும்தான் பிள்ளையின் மனத்தில் நிற்கும். அது பொய். பறிக்கப்பட்டது நம்முடையதாக இருந்ததால்தானே அத்தனை வருடம் போராடித் திரும்பப் பெற்றோம். கண்டிச் சீமை என்ற இந்த மலைநாட்டுக்கு நம்மவர் வந்து 200 வருடமானதை 2023இல் நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

நான் சொல்லும் வழி இது: மாமனாரை முன்பள்ளிக்கே அழைத்து வாருங்கள். சுதந்திரம் பற்றிப் பேசச் சொல்லவேண்டாம். தான் வெட்டிய கானை (வடிகாலை), நட்ட மலையை, போட்ட றோட்டைப் பற்றிச் சொல்லட்டும். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த தழும்பு இருந்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். "அந்த மலை நம்ம தாத்தா நட்டது" என்று தெரிந்த பிள்ளைக்கு இந்த நாட்டில் தன் இடம் எது என்ற சந்தேகம் வராது. மற்றதைப் பத்து, பன்னிரண்டு வயதில் அவரே பேரனுக்கு முழுதாகச் சொல்லட்டும். அப்போது சொல்லாமல் விடுவதுதான் தவறு.

தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா? யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகப் பாடுங்கள். ஆனந்த சமரக்கோன் இயற்றிய கீதத்தை மு. நல்லதம்பி தமிழில் தந்தார். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் தமிழ் வரிகளே இருக்கின்றன. தமிழ்மொழிப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருவதும் அவைதான். 2016 சுதந்திர தினத் தேசிய விழாவில், காலிமுகத்திடலில் தமிழிலும் பாடப்பட்டது. நீண்ட காலத்துக்குப் பிறகு அது நடந்தபோது தொலைக்காட்சி முன் கண்கலங்கியவர்கள் நம்மிடையே பலர். பயத்துக்கு இடமில்லை.

முழுக் கீதமும் மூன்று வயதுக்கு நீளம். ஆசிரியைகளும் பெற்றோரும் முழுவதையும் பாடட்டும். "நமோ நமோ" வரும் இடங்களில் பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள், அந்த இடத்துக்காகக் காத்திருப்பதே அவர்களுக்குக் கொண்டாட்டம். உச்சரிப்புப் பிழைத்தால் நடுவில் திருத்தாதீர்கள். கை ஆடாமல் நிற்கவேண்டும் என்று பெரியவர்கள் நின்று காட்டினால் போதும், பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்தவேண்டாம். சிங்களப் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் இரண்டு மொழியிலும் பாடுங்கள். மெட்டு ஒன்றுதான், பிள்ளைகள் இரண்டையும் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

கொடியை வரையும்போதும் ஏற்றும்போதும் எதையெதைக் கவனிக்கவேண்டும்?

கோடுகளின் வரிசை பல இடங்களில் தவறிப்போகிறது. கம்பத்தை ஒட்டி வருவது பச்சை, அதற்கு அடுத்தது செம்மஞ்சள். பிறகு கருஞ்சிவப்புக் கட்டத்தில் வலது முன்காலில் வாளேந்திய சிங்கம், நான்கு மூலையிலும் ஓர் அரசிலை. எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் கரை. அரசிலைகள் அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், மன அமைதி ஆகிய நான்கு குணங்களைக் குறிப்பவை. பிள்ளைக்கு அன்பு ஒன்றைச் சொன்னாலே நிறைவு.

உண்மையான கொடியை ஏற்றினால் தரையில் படவிடக்கூடாது. சாயம் போனதோ கிழிந்ததோ ஆகாது. அதன்மேல் எழுதவோ படம் ஒட்டவோ கூடாது. மாலை வெயில் சாய்வதற்குள் இறக்கி மடித்து வைத்துவிடுங்கள். ஏற்றும்போது கயிற்றின் நுனியைப் பிள்ளைகளும் பிடிக்கட்டும். அதிகாரி மட்டும் இழுத்தால் அது யாரோ ஒருவரின் கொடி.

கையில் பிடிக்கும் சிறு கொடிகளைக் கடைப் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். மறுநாள் எல்லாம் கானில் கிடக்கும். கடதாசியில் பிள்ளைகளே நிறம் தீட்டட்டும். தேயிலை மிலாறு (வெட்டிய செடியின் குச்சி) எங்கும் கிடைக்கிறது என்று அதில் கம்பு செய்யவேண்டாம், கண்ணில் குத்தும். பழைய பத்திரிகையை இறுக்கிச் சுருட்டிப் பசை தடவினால் நல்ல கம்பு. முடிந்ததும் கொடிகளைப் போட வாசலில் ஒரு பெட்டி வைத்துவிடுங்கள், எதுவும் காலடியில் விழாது.

சிங்கத்தைச் சரியாக வரையவேண்டும் என்று நிர்ப்பந்திக்கவேண்டாம். ஜனவரி, பெப்ரவரிக் காலையில் நுவரெலியாவிலும் அம்பேவளையிலும் புல்மேல் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் வந்த ஒரு பிள்ளை, சிங்கத்துக்குக் கம்பளித் தொப்பி வரைந்து வைத்திருந்தாள். "குளிரும்ல" என்றாள். அந்தச் சிங்கத்தைவிட அன்பான சிங்கத்தை நான் எந்தக் கொடியிலும் பார்த்ததில்லை.

"சிங்கம் ஏன் கத்தி வச்சிருக்கு?", "நம்ம கலர் எது?" என்று பிள்ளை கேட்டால்?

முதல் கேள்விக்கு: "நாட்டைப் பாதுகாக்க நிக்குது." யாரிடமிருந்து என்று அடுத்துக் கேட்கும். "எல்லாரும் பயமில்லாம இருக்கிறதுக்காக" என்று சொல்லி நிறுத்துங்கள். எதிரி ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்டவே கூடாது. போரைக் கண்ட நாடு இது, வகுப்பில் வேறு மொழி பேசும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பெரியவர்களுக்குத் தெரிந்த விடை, செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்பது. அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதோடு விட்டால் பிள்ளை உடனே மற்ற நிறங்களைப் பங்கு போடத் தொடங்கிவிடும்: "இது உன்னோடது, அது என்னோடது." அதனால் நான் ஆசிரியைகளிடம் சொல்வது: செம்மஞ்சளைக் காட்டுங்கள், பிறகு மஞ்சள் கரையை விரலால் சுற்றிவரச் சொல்லுங்கள். எல்லா நிறத்தையும் அது உள்ளே வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளை விரலாலேயே கண்டுகொள்ளும்.

என் மகளைக் கொழுந்து பறிக்கிறவளாக வேடம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். எனக்கு மனமில்லை. மறுக்கலாமா?

மறுக்கலாம். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கேள்வியில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன, இரண்டையும் மதிக்கிறேன். மலையக விழா என்றால் சின்னக் கூடை, தலையில் துணி, இரண்டு இலை ஒரு மொட்டு என்று பெண்பிள்ளைகளை நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. அட்டைக் கடியும் மழையும் குளவியும் தாங்கிக் கூடை சுமக்கும் தாய், தன் மகளுக்காவது வேறு வேலை கிடைக்கட்டும் என்றுதான் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்புகிறாள். அந்தப் பிள்ளையின் தோளில் விளையாட்டுக்குக்கூடக் கூடை ஏறவேண்டாம் என்று அவள் நினைத்தால், அந்த நினைப்பு உழைப்பை அவமதிப்பதாகாது. இன்னொரு தாய், "நான் செய்யிற வேலையில என்ன வெட்கம்? என் பிள்ளை என்னைப்போலத்தான் வருவேன்னு அடம்பிடிக்குது" என்கிறாள். அதுவும் சரி.

அதனால் வேடத்தைப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு பெட்டியில் கூடை, வெள்ளைக் கோட்டு, பஸ் ஓட்டுநரின் தொப்பி, கரண்டி, சுண்ணக்கட்டி, மண்வெட்டி என்று போட்டு வையுங்கள். எடுப்பதைப் பிள்ளையே எடுக்கட்டும். கூடையை ஆண்பிள்ளை எடுத்தால் யாரும் சிரிக்கக்கூடாது. கொழுந்து பறிப்பதை உண்மையாகவே காட்டவேண்டுமானால் தாய் ஒருவரை அழையுங்கள். எந்த இலையைக் கிள்ளுவது, எதை விடுவது, இரண்டு கையும் எப்படிச் சேர்ந்து ஓடவேண்டும் என்று அவர் செய்து காட்டட்டும். வகுப்பில் அன்று அவர்தான் ஆசிரியை. பிள்ளைக்குத் தன் தாய்மேல் வரும் பெருமை அங்கிருந்து வரவேண்டும், வாடகை உடுப்பிலிருந்து அல்ல.

பொம்மைத் துப்பாக்கியும் படைவீரர் வேடமும் இந்த வயதுக்கு வேண்டாம்.

வெள்ளைச் சட்டை கட்டாயமா?

இல்லை. மெல்லிய பருத்திச் சட்டையில் பிள்ளையை விறைக்க வைக்காதீர்கள். சுவெட்டரும் தொப்பியும் போட்டே கீதம் பாடலாம். புதுச் சட்டை வாங்கச் சொல்லி யாருக்கும் கடிதம் அனுப்பவும் வேண்டாம்.

பால்சோறு செய்யலாமா? பிள்ளைகளுக்கு வேறு என்ன கொடுப்பது?

பால்சோறு மிக நல்லது. சிங்கள வீட்டிலும் தமிழ் வீட்டிலும் நல்ல நாளுக்குச் செய்வதுதான். இரண்டு கப் பச்சரிசிக்கு நான்கு கப் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்புச் சேர்த்த முதல் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப் ஊற்றிச் சிறு தீயில் கிளறி, தட்டில் பரப்பி, ஆறியதும் துண்டு போடுங்கள். உயரமான இடங்களில் அரிசி வேக நேரமெடுக்கும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்புச் சமையல் குறிப்பில் போட்ட நேரத்தை நம்பினால் அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீரும் பத்து நிமிடமும் கூடக் கொடுங்கள்.

காரமான கட்டச்சம்பல் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வாழைப்பழமோ கொஞ்சம் கித்துள் கருப்பட்டியோ வையுங்கள். விழாவென்றால் கடலை அவிப்பது நம் பழக்கம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலையும் நிலக்கடலையும் தொண்டையில் அடைக்கும், ஆகவே கடலையை நன்றாக மசித்து உருண்டையாக்கிக் கொடுங்கள். டொபியும் அதே காரணத்துக்காக வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை முதல் நாளே தாயிடம் கேட்டுக் குறித்து வைத்திருங்கள்.

தோட்டத் துரை, சங்கத் தலைவர், பிரதேச சபை உறுப்பினர் எல்லோரையும் அழைக்கவேண்டுமா?

அழைப்பது நல்லதே. கூரைத் தகரம் மாற்றவும் தண்ணீர்க் குழாய் போடவும் அவர்களிடம்தான் போகவேண்டும், அவர்கள் பிள்ளைகளை நேரில் பார்ப்பதால் நன்மை உண்டு. ஆனால் அவர்களுக்காகப் பிள்ளைகளைக் காக்கவைக்காதீர்கள். விருந்தினர் வரவில்லை என்று பிள்ளைகள் கையில் மாலையோடு ஒன்றரை மணி நேரம் பனியில் நின்ற விழாவைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார்கள். அவர்கள் முகத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "பிள்ளைகளின் வசதி கருதிச் சரியான நேரத்துக்குத் தொடங்குவோம்." சொன்னபடி தொடங்கியும் விடுங்கள்.

உரை வேண்டாம். அதற்குப் பதில் விருந்தினர் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு ஒரு கொடிக்கு நிறம் தீட்டட்டும். தயங்கியபடி உட்கார்ந்த துரையின் கொடிக்கு நான்கு வயதுப் பிள்ளை "அந்தக் கோடு பச்சை" என்று திருத்தம் சொல்லும். எந்த உரையையும்விட அதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பட்டாசு, ஒலிபெருக்கி?

இரண்டும் வேண்டாம். சத்தத்துக்குப் பயந்து அழும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். தோட்டத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து குளவி. முற்றத்து மரத்திலும் பக்கத்துப் பாறையிலும் கூடு இருக்கிறதா என்று முதல் நாள் பெரியவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். இருந்தால் விழாவை உள்ளே வையுங்கள், புகையும் அடியும் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். தப்பு அடிப்பதானால் மெதுவாக, பிள்ளைகள் கைதட்டும் வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் முன்பள்ளி பட்டணத்தில் இருக்கிறது. மூன்று இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பொதுவாக என்ன செய்யலாம்?

நாட்டின் இயற்கைச் சின்னங்களை எடுங்கள், அவற்றில் யாருக்கும் கூடுதல் குறைவு இல்லை. தேசியப் பறவை இலங்கைக் காட்டுச்சேவல். நம் மலைக்காடுகளில், ஹோட்டன் சமவெளியில்கூட அதைக் காணலாம். மார்பு செம்மஞ்சள், வால் கருநீலம், சிவந்த கொண்டையின் நடுவில் ஒரு மஞ்சள் திட்டு. வர்ணம் தீட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது. சேவலைப்போல் கூவச் சொன்னால் வெட்கப்படும் பிள்ளையும் கூவும். தேசிய மலர் நீல அல்லி, மரம் நாகமரம், விளையாட்டு கரப்பந்து. கரப்பந்துக்குப் பலூன் ஒன்றும், இரண்டு கதிரைக்கு நடுவில் கட்டிய சேலை ஒன்றும் போதும்.

வணக்கத்தை இரண்டு மொழியிலும் சொல்லப் பழக்குங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பெரியவர்களுக்குத்தான் நாக்குச் சுழலாது.

மரக்கன்று நடலாமா?

நடலாம், ஆனால் மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் பெப்ரவரி மழையில்லாத வறண்ட மாதம். நட்டுவிட்டுப் போய்விட்டால் மார்ச்சுக்குள் பட்டுப்போகும். தினமும் தண்ணீர் ஊற்றும் முறையைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு நடுங்கள். கறட்டோ லீக்ஸோ ஒரு பாத்தி போட்டால் விளைவைப் பிள்ளைகளே பறித்துத் தின்னலாம், எனக்கு அதுவே பிடிக்கும்.

படமெடுத்து முகநூலில் போடலாமா?

பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருந்தால் மட்டும். பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் மூன்றையும் சேர்த்துப் போடவே வேண்டாம். அழும் பிள்ளையின் படத்தைச் சம்மதம் இருந்தாலும் போடக்கூடாது.

எவ்வளவு செலவாகும்? பெற்றோரிடம் வசூலிக்கலாமா?

வசூலிக்காதீர்கள். நாட்சம்பளக் குடும்பத்தில் நூறு, இருநூறு ரூபாயும் கடைக் கணக்கில் ஏறும். கொடுக்க முடியாத தாய் அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவாள், அந்தப் பிள்ளைக்கு விழாவே இல்லாமல் போய்விடும். மேலே சொன்னவற்றுக்கு வேண்டியது கடதாசி, வர்ணம், பசை, அரிசி, தேங்காய். அரிசியை ஆளுக்கொரு பிடி கொண்டுவரச் சொன்னால் எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் சேரும். கொண்டுவராத பிள்ளையின் பெயரை யாரும் குறிக்கவேண்டாம்.